போர்க்கொள்ளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போரில் நடந்த கொள்ளையைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே கோகினூரில் தொடங்கி கோகினூரிலேயே முடிந்துவிடுகிறது. அது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. ஒரு வைரத்துக்குப் பின்னால் லட்சக்கணக்கான வீடுகளின் பாத்திரம் பண்டம், மாடு கன்று, கட்டில் மெத்தை எல்லாம் மறைந்து கிடக்கின்றன. பல வருடங்களாக இந்த விஷயத்தைப் படித்து வருகிறேன், அதனால் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டுப்பாடு இழந்த கூட்டம் செய்ததைவிட, கணக்கு எழுதி, பங்கு பிரித்து, ஏலம் போட்டு நிதானமாகச் செய்த கொள்ளைதான் வரலாற்றில் அதிகம். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இதைத்தான் காட்டுகின்றன.

படை எடுத்துக்கொள்வதெல்லாம் கொள்ளையா?

இல்லை. இன்றைய சர்வதேசச் சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது. எதிரிப் படையின் துப்பாக்கி, பீரங்கி, வண்டி போன்றவற்றைக் கைப்பற்றுவது சட்டப்படி சரி. படைக்குத் தேவையான உணவையோ தங்குமிடத்தையோ ஆக்கிரமித்த ஊரில் கேட்டு வாங்கலாம், ஆனால் தளபதியின் அதிகாரத்தின் பேரில்தான் கேட்க வேண்டும், கையோடு பணம் தர வேண்டும், இல்லாவிட்டால் ரசீதாவது தர வேண்டும். மூன்றாவது, சிப்பாயோ அதிகாரியோ அரசோ தனக்காக அடுத்தவர் சொத்தைப் பறிப்பது. அதுதான் கொள்ளை. காகிதத்தில் இந்தப் பிரிவு தெளிவாக இருக்கிறது. ஒரு விவசாயியின் கடைசி மூட்டை தானியத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர் ரசீது எழுதிக் கொடுத்தால் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியுமா என்றால், எரியாது.

இது எவ்வளவு பழைய வழக்கம்?

எழுத்து தோன்றிய காலத்திலிருந்தே இருக்கிறது. ஒரு நல்ல உதாரணம் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இன்றைய ஈராக்கை ஆண்ட அக்காதிய மன்னன் நரம்-சின் தன் வெற்றியைச் செதுக்கி வைத்த கல் அது. சுமார் ஆயிரம் வருடம் கழித்து, கி.மு. 12ஆம் நூற்றாண்டில், ஏலாம் நாட்டு மன்னன் ஷுத்ருக்-நஹ்ஹுந்தே அதைச் சிப்பர் நகரிலிருந்து தூக்கிப் போய் இன்றைய ஈரானில் இருக்கும் சூசாவில் வைத்தான். பழைய எழுத்தை அவன் அழிக்கவில்லை. இதைக் கொண்டுவந்தவன் நான்தான் என்று பக்கத்திலேயே தன் எழுத்தையும் வெட்டிவைத்தான். ஹம்முராபியின் புகழ்பெற்ற சட்டக் கல்லும் இப்படித்தான் சூசாவுக்குப் போய்ச் சேர்ந்தது. பிரெஞ்சு அகழாய்வாளர்கள் அதைத் தோண்டி எடுத்ததும் அங்கேதான், பாபிலோனில் இல்லை.

தமிழ் மன்னர்கள் இதைச் செய்யவில்லைதானே?

செய்தார்கள். சங்க இலக்கியத்தின் போர் மரபே வெட்சியில்தான் தொடங்குகிறது, அதாவது பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வருவதில். அதை மீட்கப் போவது கரந்தை. மாடுதான் அன்றைக்குச் செல்வம், ஆகவே போரின் முதல் அடியே எதிரியின் செல்வத்தில் விழுந்தது.

சோழர் காலத்துக்கு வந்தால் இன்னும் நெருக்கமான சான்று இருக்கிறது. முதலாம் ராஜாதிராஜன் 11ஆம் நூற்றாண்டின் நடுவில் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை அழித்தபோது அங்கிருந்து ஒரு துவாரபாலகர் சிலையை எடுத்து வந்தான். கரிய கல், தமிழ்நாட்டுச் சிற்பங்களிலிருந்து வேறுபட்ட முகவெட்டு. அதன் பீடத்தில் அவனுடைய பட்டப்பெயரைச் சொல்லி, விஜயராஜேந்திர தேவர் ‘கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர்’ என்று தமிழில் வெட்டியிருக்கிறார்கள். பிறகு தாராசுரம் கோயிலில் இருந்து, இப்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. ‘கொடுவந்த’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒளித்துவைக்க வேண்டிய காரியம் என்று அதை வெட்டியவர்கள் நினைக்கவே இல்லை. ஏலாம் மன்னன் செய்ததும் இதே வேலைதான், நடுவில் 2,000 வருடங்களுக்கு மேல் ஓடியிருக்கின்றன. முதலாம் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியும் ஸ்ரீவிஜயத்தில் கைப்பற்றிய வித்யாதர தோரணத்தைப் பெருமையோடு பட்டியல் போடுகிறது.

நம்மவர் செய்தால் வீரம், பிறர் செய்தால் கொள்ளை என்று படித்தால் இந்த வரலாற்றில் பாதி கண்ணில் படாது.

சிப்பாய்கள் ஏன் கொள்ளையடிக்கிறார்கள்? பேராசையா, வெறியா?

இரண்டும் உண்டு, ஆனால் மிகப் பெரிய காரணம் சம்பளம். 1527 மே மாதம் ரோம் நகரைச் சூறையாடியது ஐந்தாம் சார்லஸ் பேரரசரின் படை. மாதக்கணக்கில் சம்பளம் வராமல், பசியோடு, தளபதிகளின் பேச்சைக் கேட்காமல் நடந்து வந்த படை அது. 1575இல் ஸ்பானிய அரசு கடனை அடைக்க முடியாமல் கைவிரித்தது, அடுத்த வருடம் நவம்பரில் அதன் சிப்பாய்கள் இன்றைய பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரத்துக்குள் புகுந்து ஐரோப்பாவின் மிகப் பணக்கார வணிக நகரங்களில் ஒன்றை நாசமாக்கினார்கள். அரசு தர வேண்டிய சம்பளத்தை ஊரார் தங்கள் உயிராலும் பொருளாலும் கொடுத்தார்கள்.

அப்புறம் மத்திய ஐரோப்பாவில் நடந்த முப்பது ஆண்டுப் போரில் (1618–1648) இதுவே ஒரு முறையாகிவிட்டது. வாலன்ஸ்டைன் போன்ற தளபதிகள் படையை அது நிற்கும் மண்ணிலிருந்தே தீனி எடுத்துக்கொள்ளும்படி நடத்தினார்கள். ‘தராவிட்டால் கொளுத்துவோம்’ என்று ஊர் ஊராகத் தண்டல் வசூலித்தார்கள். ஒரு பகுதி வற்றிப் போனால் படை அடுத்த பகுதிக்கு நகரும். எதிரி எங்கே இருக்கிறான் என்பதைவிடச் சோறு எங்கே இருக்கிறது என்பதே பல வருடங்கள் படைகளின் பாதையைத் தீர்மானித்தது.

விழுந்த ஊரை மூன்று நாள் கொள்ளையடிக்கலாம் என்று விதி இருந்ததாமே?

எழுதப்பட்ட சட்டமாக இல்லை, ஆனால் வழக்கமாக இருந்தது. முற்றுகையிட்ட படை மதிலை உடைத்த பிறகும் உள்ளே இருப்பவர்கள் சரணடையாமல் சண்டை போட்டால், ஊர் விழுந்ததும் உயிருக்கும் பொருளுக்கும் பாதுகாப்புக் கேட்க முடியாது என்பது ஐரோப்பாவில் நெடுங்காலம் எல்லாரும் ஏற்றுக்கொண்ட நிலை. 1204இல் நான்காம் சிலுவைப் போரின் படை கான்ஸ்டான்டிநோபிளை (இன்றைய இஸ்தான்புல்) மூன்று நாள் சூறையாடியது. வெனிஸின் புனித மார்க் தேவாலயத்து நான்கு குதிரைகளும் அங்கிருந்து வந்தவைதான். 1631 மே 20ஆம் தேதி ஜெர்மனியின் மாக்டபர்க் விழுந்தபோது சுமார் 20,000 பேர் இறந்தார்கள், ஊர் எரிந்தே போனது. 1812இல் ஸ்பெயினின் பதஹோஸை வெலிங்டனின் பிரிட்டிஷ் படை பிடித்தது. அந்த ஊர்மக்கள் எதிரிகள்கூட இல்லை, பிரெஞ்சுக்காரர்களின் பிடியிலிருந்து மீட்கப்பட வேண்டியவர்கள். அவர்கள் வீடுகளையே நாட்கணக்கில் கொள்ளையடித்தார்கள், பெண்களைச் சீரழித்தார்கள்.

எடுத்ததை எப்படிப் பங்கு பிரித்தார்கள்?

இந்தக் கேள்விக்கான பதில்தான் எனக்கு மிக முக்கியமாகத் தெரிகிறது. ரோமானியர் கி.மு. 209இல் ஸ்பெயினின் புதிய கார்தேஜைப் பிடித்ததை எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ், முறையைத் தெளிவாகச் சொல்கிறார். படையில் பாதிக்கு மேல் கொள்ளைக்கு அனுப்ப மாட்டார்கள், மீதிப் பேர் காவல் நிற்பார்கள். கொண்டுவந்ததை விற்று எல்லாருக்கும் சமமாகப் பிரிப்பார்கள். காவல் நின்றவனுக்கும் கூடாரத்தில் காய்ச்சலோடு படுத்திருந்தவனுக்கும் பங்கு உண்டு. பங்கு நிச்சயம் என்று தெரிந்தால்தான் ஆள் வரிசையை விட்டு ஓட மாட்டான். இஸ்லாமியப் படைகளில் ஐந்தில் ஒரு பங்கு அரசுக்கு, மீதி போரிட்டவர்களுக்கு. ஸ்பானிய மன்னருக்கும் ஐந்தில் ஒன்றுதான்: பெருவில் இன்கா மன்னன் அதஹுவால்பா தன் விடுதலைக்காக ஓர் அறை நிறையக் கொடுத்த தங்க வேலைப்பாடுகளை உருக்கி, கட்டிகளாக்கி, எடை போட்டுப் பிரித்தார்கள். 1533 ஜூலையில் அவனையும் கொன்றார்கள். உருக்கும் முன் அவை எப்படி இருந்தன என்பதை இனி யாரும் பார்க்க முடியாது.

பிரிட்டிஷ் படையில் இதற்கென்றே பரிசுப் பண முகவர்கள் என்ற அதிகாரிகள் இருந்தார்கள். 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் இறந்தார். அன்று இரவு முழுக்கச் சிப்பாய்கள் ஊரைச் சூறையாடினார்கள். மறுநாள் பொறுப்பேற்ற ஆர்தர் வெல்லஸ்லி, பிற்காலத்து வெலிங்டன் இவர்தான், சிலரைத் தூக்கிலிட்டும் சவுக்கால் அடித்தும் அதை நிறுத்தினார். உடனே முறையான கொள்ளை ஆரம்பமானது. திப்புவின் சிம்மாசனத்தை உடைத்துத் துண்டு போட்டார்கள், ஏனென்றால் முழுச் சிம்மாசனத்தைப் பங்கு பிரிக்க முடியாது. அதன் தங்கப் புலித்தலை இன்று அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது, ஐரோப்பியனைக் கடிக்கும் மரப்புலி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தளபதிக்குப் பெரும் செல்வம், சாதாரணச் சிப்பாய்க்குச் சில பவுன்.

1868இல் எத்தியோப்பியாவின் மக்தலாக் கோட்டையிலும் இதுவேதான். கிரீடம், தேவாலயப் பாத்திரங்கள், கையெழுத்துப் பிரதிகள் என்று வாரியதைச் சுமக்க 15 யானைகளும் சுமார் 200 கோவேறு கழுதைகளும் தேவைப்பட்டன. சமவெளியில் இறங்கியதும் இரண்டு நாள் ஏலம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆள் ஒருவர் படையோடேயே போயிருந்தார், ஏலத்தில் நிறைய வாங்கியதும் அவர்தான். இறந்துபோன மன்னர் தெவோத்ரோஸின் மகன், ஏழு வயது அலெமாயெஹுவையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 18 வயதில் அங்கேயே இறந்தான். உடலையாவது தாருங்கள் என்று எத்தியோப்பியா கேட்டுக்கொண்டே இருக்கிறது, 2023இல்கூட பக்கிங்ஹாம் அரண்மனையிலிருந்து முடியாது என்றே பதில் வந்தது.

இடையில் ஒன்று: ஆங்கிலத்தில் கொள்ளைக்கு இன்று புழங்கும் ‘லூட்’ என்ற சொல்லே இந்தியிலிருந்து போனது.

ஆட்களையும் கொள்ளைப் பொருளாகத்தான் பார்த்தார்களா?

ஆமாம், பழங்காலப் போர்களில் பெரும்பாலும் மிக விலை உயர்ந்த பொருளே மனிதர்கள்தான். கி.பி. 70இல் ரோமானியரிடம் ஜெருசலேம் விழுந்த அந்தப் போர் முழுவதிலும் 97,000 பேர் சிறைபிடிக்கப்பட்டதாக யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதினார். ரோமில் டைட்டஸ் வளைவில் கோயிலின் ஏழு கிளை விளக்கைத் தூக்கிக்கொண்டு போகும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள், எல்லாரும் படம் எடுக்கிறார்கள். அடிமைச் சந்தைக்குப் போனவர்களுக்கு அப்படி ஒரு வளைவு கிடையாது.

துப்பாக்கியைக் காட்டாமலேயே ஒரு நாட்டைக் கொள்ளையடிக்க முடியுமா?

முடியும், இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய கொள்ளைகள் அப்படித்தான் நடந்தன. 1940இல் பிரான்ஸ் தோற்றதும் ஜெர்மனி இரண்டு காரியம் செய்தது. ஒன்று, ஆக்கிரமிப்புப் படையின் செலவு என்று நாளொன்றுக்கு 40 கோடி பிராங்க் கேட்டது. இரண்டு, ஒரு மார்க்குக்கு 20 பிராங்க் என்று தனக்குச் சாதகமாக மாற்று விகிதத்தை வைத்தது. அப்புறம் ஜெர்மன் சிப்பாய் கடைக்குப் போய்ப் பணம் கொடுத்தே வெண்ணெய், காலுறை, ஒயின் எல்லாம் வாங்கி வீட்டுக்கு அனுப்பினான். கடைக்காரருக்குப் பணம் கிடைத்தது, ஆனால் அந்தப் பணம் பிரான்ஸ் நாட்டிலிருந்தே பிழிந்தது. கிரீஸில் இதன் விளைவு இன்னும் கொடுமை. உணவையும் பணத்தையும் உறிஞ்சியதும் கடல் முற்றுகையும் சேர்ந்து 1941–42 குளிர்காலத்தில் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்தன.

நாஜிக்கள் ஓவியங்களைத்தானே திருடினார்கள்?

ஓவியங்கள் பெரிய கதைதான். நாஜித் தலைவர்களில் ஒருவரான ரோசன்பெர்க்கின் தலைமையில் அதற்கென்றே ஒரு அலுவலகம் இருந்தது, பாரிஸின் ஜூ து போம் கட்டடத்தில் யூதக் குடும்பங்களிடமிருந்து பறித்த கலைப் பொருள்களைக் குவித்து, எண் போட்டு, பட்டியல் எடுத்து அனுப்பினார்கள். ஹிட்லருக்கு அடுத்த நிலையில் இருந்த கோரிங் தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்க அங்கே சுமார் இருபது தடவை வந்தார். அங்கேயே வேலை பார்த்த ரோஸ் வாலாந்த் என்ற பிரெஞ்சுப் பெண்ணுக்கு ஜெர்மன் மொழி தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நாலு வருடம் அவர் காதில் விழுந்ததையும், பெட்டிகள் எந்த ஊருக்குப் போகின்றன என்பதையும் ரகசியமாகக் குறித்துக்கொண்டே வந்தார், மாட்டியிருந்தால் உயிர் போயிருக்கும். போருக்குப் பிறகு ஆயிரக்கணக்கான பொருள்கள் உரியவர்களிடம் திரும்பியதற்கு அந்தக் குறிப்புகள் முக்கியக் காரணம்.

ஆனால் இதோடு நிறுத்திவிடக் கூடாது. ரோசன்பெர்க்கின் கீழ் இயங்கிய இன்னொரு அலுவலகம் ‘மரச்சாமான் நடவடிக்கை’ என்ற பெயரில் பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்தில் சுமார் 70,000 யூத வீடுகளைத் துடைத்தெடுத்தது. ஏறத்தாழ 27,000 ரயில் சரக்குப் பெட்டிகள் நிறைய ஜெர்மனிக்குப் போனது. என்ன போனது? கட்டில், விளக்கு, தட்டு, கரண்டி, திரைச்சீலை, குழந்தையின் பொம்மை. பாரிஸின் லெவித்தான் மரச்சாமான் கடையைச் சிறை முகாமாக்கி, அங்கே யூதக் கைதிகளையே வைத்து இந்தச் சாமான்களைப் பிரித்து அடுக்க வைத்தார்கள். விளக்கு ஒரு பக்கம், பீங்கான் ஒரு பக்கம். அடுக்கி முடித்ததும் ஜெர்மன் அதிகாரிகள் கடைக்கு வருவதுபோல வந்து வேண்டியதைப் பார்த்து எடுத்தார்கள். பெட்டியைப் பிரித்தபோது தங்கள் வீட்டுச் சாமானே கையில் வந்த கைதிகள் உண்டு. இதைப் படித்த பிறகு, போர்க்கொள்ளை என்றால் எனக்கு ஓவியம் நினைவுக்கு வருவதில்லை, அந்தப் பெட்டிதான் வருகிறது.

வென்ற நேச நாடுகள் எதுவும் எடுக்கவில்லையா?

எடுத்தார்கள். சோவியத் அரசு வெற்றிப்பொருள் படைப்பிரிவுகள் என்று நிபுணர்களை அனுப்பித் தொழிற்சாலை இயந்திரங்களிலிருந்து ஓவியங்கள் வரை ஏற்றிப் போனது. 1944 டிசம்பர் உத்தரவின்படி சிப்பாய் மாதம் 5 கிலோ, அதிகாரி 10 கிலோ, ஜெனரல் 16 கிலோ பொட்டலம் வீட்டுக்கு அனுப்பலாம் என்று அனுமதியும் இருந்தது. சொந்த ஊர் முழுதாக எரிக்கப்பட்ட சிப்பாய் ஆணிகளையும் கண்ணாடியையும் அனுப்பினான் என்றால் எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. டிராய் நகரில் கிடைத்த, பிரியம் மன்னனின் புதையல் எனப்படும் தங்கத்தை ஓர் அரசே பெர்லினிலிருந்து எடுத்து அரை நூற்றாண்டு ஒளித்துவைத்தது வேறு கதை. தங்களிடம் இருப்பதாக ரஷ்யா 1990களில்தான் ஒப்புக்கொண்டது, இன்னும் திருப்பித் தரவில்லை. டிரெஸ்டன் ஓவியங்களை 1955இல் திருப்பித் தந்தார்கள். அமெரிக்க, பிரிட்டிஷ் சிப்பாய்களும் கடிகாரம், கேமரா, நகை என்று நிறையவே எடுத்தார்கள்.

கொள்ளை எப்போதிலிருந்து குற்றம்?

1863இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வந்த லீபர் விதித்தொகுப்பு, ஊரை வலுவில் பிடித்த பிறகும் கொள்ளை கூடாது, செய்தால் மரண தண்டனை என்றது. 1899, 1907 ஹேக் உடன்படிக்கைகள் அதைச் சர்வதேசச் சட்டமாக்கின, 1949இன் நான்காம் ஜெனிவா உடன்படிக்கை ஒற்றை வரியில் தடை செய்தது. 1954இல் பண்பாட்டுச் சொத்துகளுக்குத் தனி உடன்படிக்கை வந்தது. நூரம்பர்க்கில் ரோசன்பெர்க்கைத் தூக்கிலிட்டபோது அவர்மேல் நிரூபணமான குற்றங்களில் கொள்ளையும் ஒன்று. 2014இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் காங்கோவின் ஜெர்மைன் கதங்காவைத் தண்டித்த வழக்கில், போகோரோ கிராமத்து மக்களின் கால்நடைகளும் வீட்டுக் கூரைத் தகடுகளும் பேசப்பட்டன. வெட்சியில் தொடங்கிய மாட்டுக்கு இவ்வளவு காலம் கழித்தாவது ஒரு நீதிமன்றம் கிடைத்தது என்பது எனக்கு உண்மையிலேயே ஆறுதல்.

சட்டம் வந்த பிறகும் நடக்கிறதே?

நடக்கிறது. 2003 ஏப்ரலில் பாக்தாத் தேசிய அருங்காட்சியகத்திலிருந்து சுமார் 15,000 பொருள்கள் போயின. நகரத்தைப் பிடித்த அமெரிக்கப் படை அந்தக் கட்டடத்துக்குச் சரியான நேரத்தில் காவல் போடவில்லை. போர் வருகிறது என்று தெரிந்ததும் ஊழியர்கள் 8,000க்கு மேற்பட்ட பொருள்களை முன்கூட்டியே ரகசிய அறையில் வைத்துச் சத்தியம் செய்துகொண்டதால்தான் இழப்பு அதோடு நின்றது. 2022இல் ரஷ்யப் படை கெர்சோனை விட்டு வெளியேறும் முன் அங்கிருந்த கலை அருங்காட்சியகத்தின் பெரும் பகுதியை லாரிகளில் ஏற்றி கிரிமியாவுக்குக் கொண்டுபோனது. சூடான் போரில் கார்ட்டூமின் தேசிய அருங்காட்சியகமும் தப்பவில்லை.

எடுத்ததை யாராவது திருப்பித் தந்திருக்கிறார்களா? கோகினூர் வருமா?

தந்திருக்கிறார்கள். நெப்போலியன் இத்தாலியிலிருந்து லூவ்ருக்குக் கொண்டுபோன சிலைகளில் பல 1815இல் திரும்பின. 1897இல் பிரிட்டிஷ் படை பெனின் நகரத்திலிருந்து வாரிய வெண்கலச் சிற்பங்களில் தன்னிடம் இருந்தவற்றின் உரிமையை ஜெர்மனி 2022இல் நைஜீரியாவுக்கு மாற்றியது, நெதர்லாந்து 2025இல் 119 பொருள்களைத் தந்தது. பிரிட்டனோ அசாந்தி அரசின் தங்கப் பொருள்களை 2024இல் கானாவுக்குக் கடனாக அனுப்பியது. பறிகொடுத்தவரிடமே கடன் பத்திரம் எழுதி வாங்குவது எனக்கு ஏற்புடையதில்லை.

கோகினூரை 1739இல் நாதிர் ஷா டெல்லியிலிருந்து எடுத்தார். அந்தக் கொள்ளையின் அளவு எப்படி என்றால், பாரசீகத்தில் மூன்று வருடம் வரியே வேண்டாம் என்று அறிவித்தார். பிறகு ஆப்கான் மன்னர்களிடம் போய், 1813இல் ரஞ்சித் சிங்கிடம் வந்து, 1849இல் பஞ்சாப் மன்னனாக இருந்த பத்து வயதுச் சிறுவன் துலீப் சிங்கிடம் லாகூர் உடன்படிக்கையின் பேரில் பிரிட்டன் வாங்கியது. இந்தியா, பாகிஸ்தான், ஈரான், ஆப்கானிஸ்தான் என்று உரிமை கோருபவர்கள் பலர். பத்து வயதுக் குழந்தை கையெழுத்துப் போட்டதை ‘கொடுத்தான்’ என்று சொல்ல முடியாது என்பது என் நிலைப்பாடு. வருமா என்றால், விரைவில் வருவதற்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை.

வீட்டுச் சாமானை இழந்த சாதாரண மக்களுக்கு ஏதாவது வழி இருக்கிறதா?

முன்பைவிட இருக்கிறது. 1990இல் ஈராக் குவைத்தைச் சூறையாடிய பிறகு ஐ.நா. ஒரு இழப்பீட்டு ஆணையம் அமைத்தது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து பிடித்து 15 லட்சம் பேருக்கு மொத்தம் 5,240 கோடி டாலர் கொடுத்து முடிக்க 2022 ஆனது. அதில் பெரும்பாலானவர்கள் தனி மனிதர்கள், தெற்காசியாவிலிருந்து வேலைக்குப் போய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தவர்களும் அதில் உண்டு. உக்ரைனுக்காக 2023இல் ஹேக் நகரில் சேதப் பதிவேடு ஒன்று அமைக்கப்பட்டு, அடுத்த வருடத்திலிருந்து மனுக்களை வாங்குகிறது.

இரண்டிலும் கேட்கப்படுவது சான்றுதான். அதனால் பதற்றமான இடத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: ஒவ்வொரு அறையையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள், பத்திரங்களையும் வாங்கிய ரசீதுகளையும் சேர்த்து எடுங்கள், ஒரு பிரதியை வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். திரும்பி வந்து வீடு காலியாக இருப்பதைப் பார்த்தால், எதையும் ஒழுங்குபடுத்தும் முன் அந்தக் காலி அறைகளையும் அப்படியே படம் எடுங்கள்.